ஈறு ஆபரேஷனுக்குப் பிறகு கைக்கு வரும் பாட்டில்: குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ், ஓர் அலசல்

ஃபிளாப் சர்ஜரி எனும் ஈறு ஆபரேஷன் முடிந்து கிளினிக்கை விட்டு வரும்போது சீட்டில் வலி மாத்திரை இருக்கும், சிலருக்கு ஆன்டிபயாட்டிக் இருக்கும், கடைசியில் குளோர்ஹெக்சிடின் 0.2% மவுத்வாஷ் என்று, கிருமி கொல்லும் கொப்பளிப்பு மருந்துக்கு ஒரு வரி இருக்கும். மாத்திரையை யாரும் பெரிதாகத் தப்பு பண்ணுவதில்லை. தப்பெல்லாம் அந்தக் கடைசி வரியில்தான் நடக்கிறது.

மெடிக்கலில் ஹெக்சிடின், ரெக்சிடின், குளோஹெக்ஸ் என எது கிடைத்தாலும் வாங்கலாம். அட்டைதான் வேறு, மருந்து ஒன்று. பெயருக்குப் பின்னால் ‘பிளஸ்’ என்று ஒட்டியிருந்தால் மட்டும் வேறு சரக்கும் சேர்ந்திருக்கும், லேபிளைப் படித்துவிடுங்கள். வாய் எரிச்சல் தாங்காதவர்கள் ஆல்கஹால் இல்லாததாகக் கேட்டு வாங்குவது நல்லது.

இதன் வேலை என்ன? ஆபரேஷனில் ஈறைப் பல்லிலிருந்து விலக்கி, வேரில் ஒட்டிய காரையை, அதாவது கல்லாக இறுகிய அழுக்கைச் சுரண்டி, திரும்ப மூடித் தையல் போடுகிறார்கள். தையல் பிரிக்க 7 முதல் 10 நாள் ஆகும். அதுவரை அந்த இடத்தில் பிரஷ் படக்கூடாது. ஆனால் பல்லில் கிருமிப் படலம் சில மணி நேரத்திலேயே பிடிக்க ஆரம்பித்துவிடும். அது தங்கினால் ஈறு இறுகாமல் சிவந்து வீங்கியே நிற்கும். குளோர்ஹெக்சிடின் பல்லிலும் ஈறிலும் ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது. ஒரு நாளைக்கு இரண்டு வேளை போதும் என்பது அதனால்தான். வாசனைக்காக விற்கும் மவுத்வாஷ்களுக்கு இந்தப் பிடிப்பு கிடையாது.

அளவு: ஒரு வேளைக்கு 10 மில்லி, அதாவது இரண்டு டீஸ்பூன், ஒரு நிமிடம். எரிகிறது என்று பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, அதிலிருந்து 10 மில்லி மட்டும் எடுத்தால் மருந்து பாதிதான் போகிறது. கலக்கச் சொல்லியிருந்தால் 10 மில்லி மருந்தோடு 10 மில்லி தண்ணீர் சேர்த்து மொத்தத்தையும் கொப்பளியுங்கள். விழுங்கக் கூடாது. கசக்கிறதே என்று உடனே தண்ணீரில் கழுவினால் மருந்தும் அதோடு போய்விடும்.

ஆபரேஷன் நடந்த அன்று பாட்டிலைத் திறக்கவே வேண்டாம். முதல் 24 மணி நேரம் கொப்பளிப்பதும், காறித் துப்புவதும், ஸ்ட்ராவில் உறிஞ்சுவதும் ரத்தக் கட்டியைப் பெயர்த்துவிடும். மறுநாளும் கன்னத்தை உப்பி ‘கடகட’வென்று ஆட்டக் கூடாது. வாயில் வைத்துக்கொண்டு தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்லச் சாய்த்து, பேசினில் குனிந்து வாயைத் திறந்தால் தானாக வழிந்துவிடும். நல்லெண்ணெய்க் கொப்பளிப்புப் பழக்கம் உள்ளவர்களும் தையல் பிரிக்கும்வரை அதை நிறுத்தி வைக்க வேண்டும்.

இனி வரிசை. பெரும்பாலோர் சொதப்புவது இங்கேதான். பற்பசையில் நுரைக்காகச் சேர்க்கும் பொருள் குளோர்ஹெக்சிடினைச் செயலிழக்க வைக்கும். பல் தேய்த்த கையோடு மவுத்வாஷ் ஊற்றினால் காசுதான் வீண். இரண்டுக்கும் நடுவே குறைந்தது அரை மணி இடைவெளி வேண்டும். காலையில் ஆபரேஷன் ஆகாத பற்களை முதலில் தேய்த்து, காபி, டிபன் எல்லாம் முடித்து, வெறும் தண்ணீரால் வாயை மெல்ல அலசிவிட்டு, கடைசியாக இதைப் பயன்படுத்துங்கள். மருந்துக்குப் பிறகு காபி குடித்தால் இன்னொரு வம்பு: பல்லில் ஒட்டியிருக்கும் மருந்தோடு டீ, காபியின் சாயம் சேர்ந்து பழுப்புக் கறையாகப் படியும். நாக்கும் பழுப்பாகும். கறை பல்லின் மேற்பரப்பில்தான், பாலிஷ் போட்டால் போய்விடும்.

ருசி மாறும் என்பதைப் பலரிடம் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. குறிப்பாக உப்புச் சுவை மங்கும். ரசத்தில் உப்பே இல்லை என்று வீட்டில் சண்டை வரும். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மேலே உப்பு போட்டுக்கொள்ள வேண்டாம். மருந்தை நிறுத்தினால் ருசி திரும்பிவிடும்.

காயத்தின் மேல் இளஞ்சிவப்புக் களிம்பு போல ‘பேக்’ வைத்திருந்தால், அதற்கடியில் இந்த மருந்து நுழைவதில்லை. மற்ற இடங்களுக்காகக் கொப்பளிக்கத்தான் வேண்டும். நாலைந்து நாள் கழித்துப் பேக் துண்டாகப் பெயர்ந்து வலியும் இல்லையென்றால் பதறாதீர்கள், மருத்துவரிடம் தகவல் சொன்னால் போதும். மூன்றாம் நாள் வாக்கில் தையலோரம் பால் ஏடு மாதிரி வெள்ளையாகத் தெரிவது பெரும்பாலும் ஆறும் புண்ணின் மேல் இயல்பாகப் படியும் ஏடு. சீழ் என்று நினைத்துப் பஞ்சால் துடைப்பது தப்பு. அதைப் பார்க்கிறேன் என்று மணிக்கொரு முறை உதட்டை இழுத்துத் தூக்குவது அதைவிடத் தப்பு, தையல் கிழியும்.

இந்த மவுத்வாஷால் ஆகாத காரியங்களும் உண்டு. வீக்கம் இரண்டு மூன்று நாளில் உச்சம் தொட்டுக் குறைய வேண்டும். அதற்குப் பிறகும் ஏறினால், காய்ச்சலோ சீழோ வந்தால், இன்னும் ஒரு மூடி ஊற்றிக் கொப்பளிப்பதில் பலனில்லை, கிளினிக்குக்குப் போக வேண்டும். எச்சிலில் லேசான சிவப்பு முதல் நாள் சகஜம். ரத்தம் நிற்காமல் வந்தால் ஈரத் துணியை மடித்து 20 நிமிடம் எடுக்காமல் அழுத்துங்கள். அதற்கும் நிற்காவிட்டால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கும் புகைப்பவருக்கும் புண் தாமதமாகவே ஆறும். ஈறு இறங்கி வேர் தெரிவது, ஐஸ் வாட்டர் கூசுவது எல்லாம் வீக்கம் வடிந்ததன் விளைவு.

ஆபரேஷனைத் தள்ளிப்போட இதை மாதக்கணக்கில் கொப்பளிப்பவர்களும் இருக்கிறார்கள். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே 5, 6 மில்லிமீட்டர் ஆழத்துக்கு விழும் ஈறுப்பைக்குள் கொப்பளிக்கும் மருந்து இறங்காது. அடியில் காரை அப்படியே இருக்கும், மேலே பல் கறுக்கும், அவ்வளவுதான்.

அரிதாகச் சிலருக்கு ஒவ்வாமை உண்டு. தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல் வந்தால் உடனே நிறுத்தி மருத்துவமனைக்குப் போக வேண்டும். வேறு எங்காவது குளோர்ஹெக்சிடின் ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

இரண்டு வாரத்துக்கு 280 மில்லி பிடிக்கும். 160 மில்லி பாட்டில் இரண்டு வாங்கினால் 40 மில்லி மிஞ்சும். வீணாகிறதே என்று அதையும் கொப்பளித்துத் தீர்க்க வேண்டாம். அதற்குள் அல்ட்ரா சாஃப்ட் பிரஷ்ஷுக்கு மருத்துவர் அனுமதி கொடுத்திருப்பார்.