மணி உருக்கும் சுடருக்கு ஆக்சிஜன்: சிலிண்டரா, செறிவூட்டியா?

மயில்நீல நிறக் கண்ணாடித் தண்டை உருக்கி எஃகுக் கம்பியில் சுற்றி மணியாக்கும்போது, சுடரைவிட்டு வெளியே எடுத்த சில நொடிகளில் அதன்மேல் செங்கல் நிறப் படலம் ஒன்று படர்ந்துவிட்டால், பெரும்பாலோர் முதலில் கண்ணாடியைத்தான் குறை சொல்வார்கள். குறை கண்ணாடியில் இல்லை. அந்த நீலத்தைத் தருவது செம்பு ஆக்சைடு; சுடரில் எரிபொருள் மிகுந்து ஆக்சிஜன் போதாமல் போனால், மணியின் மேற்பரப்பில் உள்ள ஆக்சைடு உலோகச் செம்பாக ஒடுங்கிவிடுகிறது. ஆகவே ஆக்சிஜனை வாயு நிரப்பிய சிலிண்டரிலிருந்து பெறுவதா, காற்றிலிருந்து பிரித்தெடுக்கும் செறிவூட்டியிலிருந்து பெறுவதா என்ற கேள்வி வெப்பத்தைப் பற்றியது மட்டுமல்ல, நிறத்தைப் பற்றியதும்கூட. எந்த மூலத்தைத் தேர்ந்தெடுத்தாலும், அது தரக்கூடிய அளவுக்குள் எரிபொருளான புரொப்பேனை அடக்கி வைக்கத் தெரியாவிட்டால் நல்ல மணி கிடைக்காது என்பதே என் உறுதியான கருத்து.

முதலில் சிலிண்டர். 46.7 லிட்டர் கொள்ளளவு கொண்ட பெரிய சிலிண்டரில் 150 பார் அழுத்தத்தில் வாயுவை நிரப்பினால், சாதாரண அழுத்தத்தில் அது ஏறத்தாழ 7,000 லிட்டர், அதாவது 7 கன மீட்டர். நிமிடத்துக்கு 5 லிட்டர் வீதம் செலவழித்தால் சுமார் 23 மணி நேரம் வரும். 10 லிட்டர் கேட்கும் டார்ச்சுக்கு, அதாவது சுடரை எரிக்கும் கருவிக்கு, அதில் பாதிதான். தூய்மை பொதுவாக 99.5 விழுக்காடோ அதற்கு மேலோ இருக்கும். அழுத்தத்தை ரெகுலேட்டரில் வேண்டியபடி வைத்துக்கொள்ளலாம், மின்சாரம் தேவையில்லை, சத்தமும் இல்லை. சிலிண்டர் காலியாகக் காலியாக உள்ளழுத்தம் குறைந்துகொண்டே வருவதால், அழுத்தத்தை ஒரே படியில் குறைக்கும் ஒற்றைக் கட்ட ரெகுலேட்டரில் வெளியேறும் அழுத்தம் மெல்ல நகரும். நீண்ட நேரம் ஒரே சுடரில் வேலை செய்பவர்களுக்கு இரட்டைக் கட்ட ரெகுலேட்டரே ஏற்றது. இவற்றுக்கெல்லாம் விலையாக, தீர்ந்ததும் மாற்ற வேண்டிய கனமான உருளை ஒன்று எப்போதும் பட்டறையில் நின்றுகொண்டிருக்கும்.

செறிவூட்டி வேறு வகையில் இயங்குகிறது. அது ஆக்சிஜனைச் சேமித்து வைப்பதில்லை. அறைக்காற்றை அழுத்தி ஜியோலைட் குருணைகள் நிறைந்த உருளைக்குள் செலுத்துகிறது. அழுத்தத்தில் ஜியோலைட் நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொள்ள, ஆக்சிஜன் கடந்து வருகிறது. அந்த உருளை நிறைவுற்றதும் அழுத்தத்தை விடுவித்து நைட்ரஜனை வெளியேற்றிக்கொண்டிருக்க, இரண்டாவது உருளை வேலையைத் தொடர்கிறது. சில நொடிகளுக்கு ஒருமுறை கேட்கும் பெருமூச்சு போன்ற ஒலி இந்த மாற்றத்தின் ஒலிதான். ஆனால் காற்றில் 0.9 விழுக்காடு அளவில் உள்ள ஆர்கானை ஜியோலைட்டால் பிரிக்க முடிவதில்லை. நைட்ரஜன் போனபின் அது ஆக்சிஜனோடு சேர்ந்தே வருவதால், எவ்வளவு நல்ல செறிவூட்டியானாலும் தூய்மை 95 விழுக்காட்டை ஒட்டியே நின்றுவிடுகிறது.

இந்த 95-க்கும் 99.5-க்கும் உள்ள வேறுபாட்டைப் பெரிதாகப் பேசுவது வழக்கம். என் அனுபவத்தில் அது சிறிய விஷயம். எஞ்சியிருக்கும் ஆர்கான் எதனுடனும் வினைபுரியாமல் கொஞ்சம் வெப்பத்தைச் சுமந்துகொண்டு போய்விடும். நிறத்தை அது கெடுப்பதில்லை. உண்மையான வேறுபாடு பாய்வளவிலும் அழுத்தத்திலும் இருக்கிறது. நிமிடத்துக்கு 5 லிட்டர் என்று குறிக்கப்பட்ட செறிவூட்டியிலிருந்து 7 லிட்டரை இழுத்தால், நைட்ரஜனைப் பிடிக்க ஜியோலைட்டுக்கு நேரம் போதாமல் தூய்மை சட்டென்று விழும். அளவு கூடியதுபோல் தெரியும், சுடரோ சோர்ந்துபோகும்.

இதைக் கணக்காகப் பார்ப்பது நல்லது. ஒரு பங்கு புரொப்பேன் முழுமையாக எரிய ஐந்து பங்கு ஆக்சிஜன் வேண்டும். எனவே நிமிடத்துக்கு 5 லிட்டர் ஆக்சிஜனைக் கொண்டு ஏறத்தாழ 1 லிட்டர் புரொப்பேனைத்தான் சரியாக எரிக்க முடியும். சுடரைச் சூழ்ந்த காற்றும் விளிம்பில் கொஞ்சம் கைகொடுக்கும் என்றாலும் அதை நம்பிச் சுடரைப் பெரிதாக்கக் கூடாது. செறிவூட்டியில் சூடு இல்லை என்று புலம்புகிறவர்களில் பலர், சிலிண்டருக்கு வைத்த அதே புரொப்பேன் அளவை இங்கும் வைத்துவிடுகிறார்கள். புரொப்பேனைக் குறைத்தால் சுடர் சிறிதாகும், ஆனால் கூர்மையாகவும் சூடாகவும் இருக்கும்.

டார்ச்சின் வகையையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். வாயுக்கள் முகப்புக்கு வெளியே கலக்கும் டார்ச்சுகள் குறைந்த அழுத்தத்திலும் ஒழுங்காக எரிவதால் செறிவூட்டிக்கு இணக்கமானவை. உள்ளேயே கலந்து வெளிவரும் டார்ச்சுகள் பொதுவாகக் கூடுதல் அழுத்தம் கேட்பவை. அவற்றுக்குச் சிலிண்டரே பொருத்தம். திரவ ஆக்சிஜன் மூன்றாவது வழி. ஒரு லிட்டர் திரவம் சுமார் 860 லிட்டர் வாயுவாகும் என்பது கவர்ச்சியாகத் தெரிந்தாலும், மைனஸ் 183 டிகிரி செல்சியசில் கொதிக்கும் அந்தத் திரவம் பயன்படுத்தாதபோதும் ஆவியாகிக் குறைந்துகொண்டே இருக்கும். பல டார்ச்சுகள் நாள்தோறும் எரியும் பட்டறைக்கு மட்டுமே அது கட்டுப்படியாகும்.

சுடரைச் சரிசெய்வதில் நான் கடைப்பிடிக்கும் முறை இது. செறிவூட்டியை ஓடவிட்டுச் சில நிமிடங்கள் காத்திருக்கிறேன். தொடக்கத்திலேயே முழுத் தூய்மை வந்துவிடாது. பாயும் அளவைக் காட்டும் பாய்வுமானியின் குண்டை இயந்திரத்துக்குக் குறித்த உச்ச அளவில் நிறுத்திவிட்டு, அதற்குப் பிறகு அதைத் தொடுவதில்லை. மீதிச் சரிசெய்தலெல்லாம் டார்ச்சின் குமிழ்களில்தான். முதலில் புரொப்பேனை மட்டும் திறந்து பற்றவைத்தால் மஞ்சள் சுடர் அசைந்தாடும். ஆக்சிஜனை மெல்லத் திறக்கத் திறக்க மஞ்சள் பின்வாங்கி, முகப்பை ஒட்டி நீலக் கூம்புகள் எழும். அவை நீண்டு மங்கலாக இருக்கும்வரை சுடர், எரிபொருள் மிகுந்த ஒடுக்கச் சுடரே. கூம்புகள் குறுகி, நுனி தெளிவாகத் தெரியும் இடம் நடுநிலை. அதற்கும் மேலே போனால் சுடர் ஒல்லியாகிச் சீறத் தொடங்கும். அது ஆக்சிஜனேற்றச் சுடர். ஆக்சிஜன் குமிழை முழுவதும் திறந்தும் கூம்புகள் குறுகவில்லை என்றால், அதற்குமேல் அந்தப் பக்கம் வழியில்லை. புரொப்பேன் குமிழைத் தலைமுடி அளவு மூட வேண்டும். அணைக்கும்போது ஆக்சிஜனை முதலிலும் புரொப்பேனைக் கடைசியிலும் மூடுகிறேன்.

ஒருமுறை, வாரக்கணக்கில் ஒழுங்காக எரிந்த சுடரின் கூம்புகள் நாளுக்கு நாள் நீண்டு, தந்த நிறத் தண்டுகள் அழுக்கேறியதுபோல் வெளிவந்தன. வால்வுகளையும் குழாய்களையும் மாற்றி மாற்றிப் பார்த்து இரண்டு மாலைகளை வீணாக்கியபின், செறிவூட்டியின் காற்று வடிகட்டியைக் கழற்றினேன். சூளை அலமாரித் தூசு அதில் கம்பளம்போல் படிந்திருந்தது. கழுவி, நன்றாக உலர்த்தி மாட்டியதும் கூம்புகள் பழைய அளவுக்குத் திரும்பின. சிலிண்டரில் இப்படி மெல்லத் தேய்ந்துபோகும் கோளாறு இல்லை. ஒன்று வாயு இருக்கும், இல்லையேல் தீர்ந்திருக்கும். செறிவூட்டியை வைத்திருப்பவர் வடிகட்டி, அறையின் ஈரப்பதம், இயந்திரத்தைச் சுற்றிக் காற்றோட்டம் ஆகியவற்றைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும். மருத்துவப் பயன்பாட்டுக்கு உரிய ஈரப்பதக் குப்பியை டார்ச்சோடு இணைக்கவே கூடாது.

வெள்ளி கலந்த கண்ணாடிகளில் உலோக மினுமினுப்பை வரவழைக்க ஒடுக்கச் சுடரை வேண்டுமென்றே சில நொடிகள் காட்டுவதுண்டு. அப்போது ஆக்சிஜனைக் குறைப்பதைவிடப் புரொப்பேனைச் சற்றுக் கூட்டுவதையே விரும்புகிறேன். செறிவூட்டியின் பாய்வு அசையாமல் இருப்பதால், நடுநிலைக்குத் திரும்புவது எளிது.

எனவே விரிவெண் (சூட்டில் கண்ணாடி விரியும் அளவைக் குறிக்கும் எண்) 104 கொண்ட சோடாக் கண்ணாடியில், சிறிய டார்ச்சில், விரல்நுனி அளவு மணிகள் செய்பவருக்கு 5 லிட்டர் செறிவூட்டி தாராளமாகப் போதும். பெரிய மணிகளுக்கும் சிற்ப வேலைக்கும் 10 லிட்டர் இயந்திரமோ, எதிர்ப்பாய்வுத் தடுப்பு வால்வுகளுடன் இணைத்த இரண்டு 5 லிட்டர் இயந்திரங்களோ வேண்டும். விரிவெண் 33 கொண்ட போரோசிலிகேட் கண்ணாடி மிக அதிக வெப்பத்தைக் கேட்பதால், அதில் பருமனான வேலை செய்பவருக்குச் சிலிண்டரைத்தான் பரிந்துரைப்பேன்.

சிலிண்டரைத் தேர்ந்தெடுப்பவர் அதை நிமிர்த்திச் சங்கிலியால் சுவரோடு கட்ட வேண்டும், வால்வை மெல்லத் திறக்க வேண்டும், எண்ணெயோ கிரீஸோ பட்ட கையால் ரெகுலேட்டரைத் தொடவே கூடாது; அழுத்தமுள்ள ஆக்சிஜனில் எண்ணெய் தானே பற்றிக்கொள்ளும். செறிவூட்டிக்கு இந்த அச்சம் குறைவு. ஆனால் எந்த மூலமானாலும் சுடரிலிருந்து நைட்ரஜன் ஆக்சைடுகளும், ஒடுக்கச் சுடரிலிருந்து கார்பன் மோனாக்சைடும் வெளிவருவதால், மேசைக்குமேல் புகையை வெளியே இழுக்கும் விசிறி ஓடாமல் டார்ச்சைப் பற்றவைக்கக் கூடாது.