சங்கம் வாய் திறக்கலாமா, சும்மா இருக்கலாமா?

அறிஞர் சங்கங்களுக்கு முன்னால் இரண்டு வழிகள். அரசியல் விவகாரங்களில் தீர்மானம் போட்டு அறிவிப்பது ஒன்று. கருத்துச் சொல்வதை உறுப்பினர்களிடம் விட்டுவிட்டு, ஆய்விதழ், மாநாடு என்று தன் வேலையைப் பார்ப்பது மற்றொன்று.

ஒதுங்கி நின்றால் எந்தக் கட்சிக்காரரும் சங்கடமில்லாமல் சந்தா கட்டலாம். சரி, ஆனால் எல்லா நேரமும் அப்படி ஒதுங்க முடிகிறதா? சில அறிஞர்கள் ஆய்வு என்ற பெயரில் உளவு பார்த்ததை 1919-ல் மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் பத்திரிகையில் அம்பலப்படுத்தினார். அமெரிக்க மானிடவியல் சங்கம் கண்டித்தது உளவாளிகளை அல்ல, போவாஸை! அந்தக் கண்டனத்தை விலக்கிக்கொள்ள 2005 வரை ஆனது.

தீர்மானம் போடுவதிலோ வேறு தலைவலி. இஸ்ரேலியக் கல்வி நிறுவனங்களைப் புறக்கணிக்கும் தீர்மானம் அதே சங்கத்தில் 2016-ல் வெறும் 39 வாக்குகளில் தோற்றது. 2023-ல் 71 சதவீத ஆதரவோடு நிறைவேறியது. வாக்களித்தவர்களோ, தகுதியுள்ள உறுப்பினர்களில் 37 சதவீதம்தான். மீதிப் பேர் பெயரிலும் சேர்த்துத்தான் அறிக்கை போகிறது.

என்னைக் கேட்டால், துறையின் அறிவோ அறமோ சம்பந்தப்பட்ட இடத்தில் சங்கம் பேசியே ஆக வேண்டும். ஒருபால் ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து 1973-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் நீக்கியது. அரசியல் சூடு நிறைந்த விஷயம்தான். ஆனாலும் அதை அவர்கள்தான் சொல்ல முடியும். வரிக்கொள்கை பற்றி அதே சங்கம் அறிக்கை விட்டால் யார் படிக்கப்போகிறார்கள்?