36 பாகைக்கு வெட்டிய பித்தளை ஆஸ்ட்ரோலேப்: சென்னையிலிருந்து ஒரு மதிப்புரை

கைவினைப் பொருள்கள் விற்கும் ஓர் இணையக் கடையில் சுமார் 6,000 ரூபாய்க்குக் கிடைக்கும் பித்தளை ஆஸ்ட்ரோலேப்பைப் பற்றியது இந்த மதிப்புரை. சூரியன் அல்லது விண்மீனின் உயரத்தை அளந்து நேரம் அறிய உதவும் பழைய வானியல் கருவி இது. இதே வார்ப்பும் இதே பொறிப்பும் கொண்ட கருவிகள் வேறு பெயர்களிலும் விற்பனைக்கு வருவதால், கடையின் பெயரைச் சொல்வதில் பயனில்லை. இடைக்கால இஸ்லாமிய வானியலாளர்கள் பயன்படுத்திய கருவி இது என்றும், மாலுமிகள் இதைக் கொண்டே கடல் கடந்தார்கள் என்றும், இன்றும் முழுமையாக இயங்கும் என்றும் விளம்பரம் கூறுகிறது. முதலாவது ஏற்கத்தக்கது, இரண்டாவது தவறு, மூன்றாவது வாங்குபவர் எந்த ஊரில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது.

முதலில் வேலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். 15 செ.மீ. விட்டமும் ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான எடையும் கொண்ட இந்தக் கருவி, கையில் எடுத்தவுடன் மதிப்பை உண்டாக்குகிறது. விளிம்பு உயர்ந்த தாய்த்தட்டு, அதன் குழிவுக்குள் அமரும் மெல்லிய தட்டுகள், அவற்றின் மேல் சுழலும் வலைத்தட்டு, பின்புறத்தில் வானத்துப் பொருளைக் குறிபார்க்கும் நோக்குச்சட்டம், இவை அனைத்தையும் இறுக்கும் நடு ஆணி, அந்த ஆணியில் செருகும் குதிரைத்தலை வடிவ ஆப்பு என்று எல்லா உறுப்புகளும் உள்ளன. வலைத்தட்டின் இலைக்கொடி வேலைப்பாடு அழகானது. ஆனால் நடு ஆணி தளர்வாக இருக்கிறது. விளிம்பில் ஒரு பாகைக்கு 1.3 மில்லிமீட்டர்தான் இடம் என்னும்போது, வலைத்தட்டு ஒரு மில்லிமீட்டர் ஆடினாலே நேரத்தில் மூன்று நிமிடம் மாறிவிடும். நோக்குச்சட்டத்தின் துளைகளும் அளவுக்கு மீறிப் பெரியவை. சூரியனை அளக்கும்போது துளை வழியே கண்ணை வைத்துப் பார்க்கக் கூடாது. மேல் துளையில் நுழையும் ஒளி கீழ்த் துளையில் விழுமாறு சட்டத்தைத் திருப்ப வேண்டும். இங்கே ஒளிப்புள்ளி பரந்து விழுவதால், எந்த இடத்தை அதன் நடுவாகக் கொள்வது என்ற ஐயம் தீர்வதேயில்லை.

இவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய குறை தட்டுகளில் இருக்கிறது. அதை விளக்க, கருவி இயங்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். வானக்கோளத்தின் தென்துருவத்தில் கண்ணை வைத்துப் பார்த்தால் வானத்து வட்டங்கள் நடுவரைத் தளத்தில் (பூமியின் நடுவரைக்கோடு அமைந்த தளம்) எப்படி விழுமோ, அந்த வரைபடமே தட்டில் உள்ளது. கோளத்தில் வட்டமாக இருப்பது தளத்திலும் வட்டமாகவே விழும் என்பதால், கவராயமும் அளவுகோலும் கொண்டே ஒரு கைவினைஞர் முழு வானத்தையும் பித்தளையில் பொறிக்க முடிந்தது. வலைத்தட்டில், சூரியன் ஓராண்டில் விண்மீன்களிடையே கடக்கும் பாதையான சூரிய வீதியும் விண்மீன்களைக் காட்டும் முட்களும் உள்ளன. அடியிலுள்ள தட்டில் தொடுவானமும், அதிலிருந்து எத்தனை பாகை உயரம் என்று காட்டும் ஏற்றக்கோண வட்டங்களும் உள்ளன. சூரியனின் ஏற்றக்கோணத்தை அளந்து, சூரிய வீதியில் அன்றைய புள்ளியை அந்தக் கோணத்துக்குரிய வட்டத்தின் மேல் வைத்தால் நேரம் கிடைக்கும். விண்மீன்கள் எல்லா ஊருக்கும் பொது. தொடுவானமோ ஊருக்கு ஊர் வேறு. ஆகவே தட்டு ஒவ்வொரு அட்சரேகைக்கும் தனியாக வெட்டப்பட வேண்டும்.

இக்கருவியின் தட்டுகளில் எந்த அட்சரேகையும் குறிக்கப்படவில்லை. ஆனால் கண்டுபிடிப்பது எளிது: தட்டின் வடக்கு-தெற்குக் கோடான உச்சிக்கோடு வான நடுவரையை வெட்டும் இடத்தில் ஏற்றக்கோணம் எவ்வளவு என்று எண்ணி, அதை 90இலிருந்து கழித்தால் போதும். எல்லாத் தட்டுகளிலும் அந்த ஏற்றக்கோணம் 54 பாகை வந்தது. அதாவது அனைத்தும் 36 பாகை அட்சரேகைக்குரிய ஒரே தட்டின் நகல்கள். இது அலெப்போவின் வானம். 13 பாகையில் இருக்கும் சென்னையில், பகலும் இரவும் சமமாகும் மார்ச் மாதச் சமஇரவு நாளின் நண்பகலில் சூரியன் 77 பாகை உயரத்தில் நிற்கும். இந்தத் தட்டிலோ அன்றைய சூரியன் 54 பாகைக்கு மேல் ஏறவே வழியில்லை. அளந்த கோணத்தை வைப்பதற்குத் தட்டில் இடமே இல்லாத கருவியை 'முழுமையாக இயங்குவது' என்று விற்பது சரியன்று. 13 பாகைக்குத் தட்டு கிடைக்குமா என்று கடையிடம் கேட்டதற்கு, எல்லோருக்கும் ஒரே தொகுப்புதான் என்று பதில் வந்தது.

இடைக்காலத்தில் எவரும் இப்படி விற்றிருக்க மாட்டார்கள் என்பதே என் மனக்குறை. 1391இல் ஆங்கிலக் கவிஞர் சாசர், பத்து வயது மகன் லூயிஸுக்கு ஆஸ்ட்ரோலேப்பைக் கற்பிக்க ஒரு நூல் எழுதத் தொடங்கியபோது, தாம் தரும் கருவி ஆக்ஸ்ஃபோர்டின் அட்சரேகைக்கு அமைந்தது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். பயணம் செய்வோருக்காக ஒரே கருவிக்குள் பல தட்டுகளை, ஒவ்வொன்றின் இரு பக்கங்களிலும் வெவ்வேறு அட்சரேகைகளுக்குப் பொறித்து வைப்பார்கள். பல ஊர்களின் தொடுவானங்களை மட்டும் திரட்டித் தரும் தட்டும் உண்டு. 11ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் டொலேடோவில் வாழ்ந்த அல்-சர்காலி ஒருபடி மேலே போய், எந்த அட்சரேகைக்கும் பயன்படும் பொதுத்தட்டு ஒன்றையே வகுத்தார்.

சென்னைக்காரர்களுக்கு மிகவும் பொருத்தமான கருவி ஏமனிலிருந்து வருகிறது. ரசூலிய அரச மரபைச் சேர்ந்த அல்-அஷ்ரஃப் உமர், 1295இல் சுல்தானாக முடிசூடுவதற்கு முன்பே ஆஸ்ட்ரோலேப் செய்யும் முறை பற்றி நூல் எழுதியவர். 1291ஆம் ஆண்டைச் சேர்ந்த அவருடைய கருவி இன்று நியூயார்க்கின் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. ரசூலியர் ஆண்ட தாஇஸ் நகரம் ஏறத்தாழ 13½ பாகையில் இருக்கிறது. அந்த நகரத்துக்கு வெட்டிய தட்டு ஒன்று கிடைத்தால், அரைப்பாகைப் பிழையோடு சென்னையில் அப்படியே பயன்படுத்தலாம். நகல் செய்பவர்களுக்கு இது ஏன் தோன்றுவதில்லை என்று தெரியவில்லை.

வலைத்தட்டுக்கு வருவோம். மையத்திலிருந்து சித்திரை விண்மீனின் முள் வழியாக ஒரு கோடு இழுத்தால், அது சூரிய வீதியில் துலாத்தின் 14ஆம் பாகையைத் தொடுகிறது. (மார்ச் சமஇரவன்று சூரியன் நிற்கும் சமஇரவுப் புள்ளியிலிருந்து எண்ணும் சாயன ராசி இது, நம் பஞ்சாங்க ராசி அன்று.) இன்றைக்கு அது 23ஆம் பாகையில் இருக்க வேண்டும். சமஇரவுப் புள்ளி சுமார் 72 ஆண்டுக்கு ஒரு பாகை பின்வாங்குவதால், இந்த முட்கள் 14ஆம் நூற்றாண்டின் மூலக்கருவி ஒன்றிலிருந்து அப்படியே பெயர்க்கப்பட்டவை என்று கொள்ளலாம். நகல் என்ற அளவில் அது நேர்மையானதே. ஆனால் இரவில் விண்மீனைக் கொண்டு நேரம் பார்த்தால் அரைமணிக்கும் மேல் பிழை வரும். பின்புறத்து நாட்காட்டியில் சமஇரவு மார்ச் 12இல் விழுகிறது. அதுவும், இன்றைய நாட்காட்டிக்கு முன் வழங்கிய அக்காலத்து ஜூலியன் கணக்கே. ஆகவே இன்றைய தேதியிலிருந்து எட்டு அல்லது ஒன்பது நாளைக் கழித்துப் பார்த்தால் சூரியனின் இடம் சரியாக வந்துவிடும்.

அகத்திய விண்மீனுக்கு இதில் முள் இல்லையே என்று தேடுவோர் கடையைக் குறை சொல்ல வேண்டாம். தட்டின் வெளிவிளிம்பு மகர ரேகையோடு முடிவதால், அதற்கு வெகு தெற்கே உள்ள விண்மீன்களுக்கு எந்த வழக்கமான ஆஸ்ட்ரோலேப்பிலும் இடமில்லை.

கருவியை வீணாக்க மனமில்லாமல், 13 பாகைக்குரிய தட்டைத் தடித்த தாளில் நானே வரைந்து உள்ளே வைத்தேன். தட்டின் விட்டம் 13 செ.மீ.தான் என்றாலும், இவ்வளவு தாழ்ந்த அட்சரேகைக்குத் தொடுவானத்தின் ஆரம் 19 செ.மீ.க்கு வருகிறது, பள்ளிக் கவராயம் எட்டாது, நூல் கட்டித்தான் வரைய வேண்டும். அந்தத் தாளோடு கருவி உயிர்பெற்றுவிட்டது. காலையிலும் மாலையிலும் கிடைக்கும் நேரம், கடிகாரத்தோடு கால்மணிக்குள் ஒத்துப்போகிறது. ஒப்பிடும்போது, கருவி தருவது உள்ளூர்ச் சூரிய நேரம் என்பதை மறக்கக் கூடாது. சென்னை இந்திய நேரத்துக்கு ஒன்பது நிமிடம் பின்தங்கியது, ஆண்டு முழுதும் சூரியன் கடிகாரத்துக்கு முந்தியும் பிந்தியும் போகும் சூரிய நேர வேறுபாடு தனி. நண்பகலை ஒட்டிச் சூரியன் உயர்ந்தும் தாழ்ந்தும் மெதுவாகவே நகர்வதால், அப்போது நேரம் பார்க்க முயல்வது வீண்.

மாலுமிகளைப் பற்றிய விளம்பர வரியையும் நம்ப வேண்டாம். கடலில் பயன்பட்டது வேறொரு கருவி: காற்று ஊடுருவ இடைவெளி விட்டு, கனமாக வார்த்து, ஏற்றக்கோணத்தை மட்டும் அளக்கச் செய்த எளிய வளையம். அதில் வலைத்தட்டும் இல்லை, தட்டுகளும் இல்லை.

வானியல் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும், தட்டைத் தாமே வரையத் தயங்காதவர்களுக்கும் இந்தக் கருவியைப் பரிந்துரைக்கிறேன். பெட்டியிலிருந்து எடுத்தவுடன் நேரம் காட்ட வேண்டும் என்போர், தங்கள் ஊரின் அட்சரேகைக்கு அச்சிட்டுக்கொள்ளும் அட்டை மாதிரியைச் செய்துகொள்வது நல்லது. எந்தக் கடையில் வாங்குவதானாலும், பணம் கட்டுவதற்கு முன் தட்டு எத்தனை பாகைக்கு வெட்டியது என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.