‘இங்கிலீஷிலேயே யோசி’ வகுப்பு: ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்

நாகர்கோவிலில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சேரலாமா என்று நிறையப் பேர் கேட்பதால் எழுதுகிறேன். சென்டர் பெயரைப் போடப்போவதில்லை. நான் குறை சொல்ல வருவது பல சென்டர்களில் கேட்கிற ஒரே பல்லவியைத்தான்: ‘தமிழில் யோசித்து மொழிபெயர்க்காதே, இங்கிலீஷிலேயே யோசி.’

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பேட்ச் சின்னது, கடைசி பெஞ்சில் ஒளிய முடியாது, ஒவ்வொருவரும் தினமும் எழுந்து நின்று பேசியே ஆகவேண்டும். தப்பாகப் பேசினால் யாரும் சிரிப்பதில்லை, இது பெரிய விஷயம். குளிக்கும்போது, சமைக்கும்போது செய்கிற வேலையை மனசுக்குள் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே இருக்கச் சொன்னார்கள், அது நன்றாகவே வேலை செய்கிறது. சின்னப் பிள்ளைகள் விளையாடும்போது தனக்குத்தானே பேசிக்கொள்ளும் இல்லையா, அந்தப் பேச்சுதான் வளர வளர உள்ளே போய் மனப்பேச்சாகிறது என்று ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி சொன்னார், அவருடைய புத்தகம் 1934லேயே வந்துவிட்டது. அந்த உள்பேச்சை இங்கிலீஷில் பழக்கினால் வாயும் பழகும். சரி, இதுவரை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் வகுப்பில் ஒரு தமிழ் வார்த்தை வந்தால் உண்டியலில் ஐந்து ரூபாய் போடவேண்டும். அதற்கு சார் சொல்லும் காரணம், மொழி இல்லாமல் சிந்தனையே கிடையாதாம், தமிழ் தலையில் இருக்கிறவரை ‘புரொஃபஷனல் திங்கிங்’ வராதாம். பேச்சே வராத ஐந்து மாதக் குழந்தைகளிடம் கேரன் வின் என்ற அமெரிக்க ஆய்வாளர் செய்த சோதனை 1992ல் வெளிவந்தது. திரைக்குப் பின்னால் ஒரு பொம்மை, அப்புறம் இன்னொன்று போவதைக் காட்டிவிட்டு, திரையை விலக்கும்போது ஒன்றே ஒன்று இருந்தால் குழந்தைகள் கூடுதல் நேரம் உற்றுப் பார்த்தன. அவற்றுக்கு எந்த சென்டரில் வகுப்பெடுத்தார்கள்? மொழிதான் சிந்தனைக்கு வேலி என்கிற எண்ணத்தோடு சேர்த்துப் பேசப்படுபவர் தீக்காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே மொழியியல் செய்த வொர்ஃப். அந்தக் கருத்தின் கறாரான வடிவத்தை இன்றைக்கு மொழியியலில் அநேகமாக யாரும் ஏற்பதில்லை. அவ்வளவு தூரம் எதற்கு, களியக்காவிளைப் பக்கம் ஒரே வாக்கியத்தில் தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிற வியாபாரிக்கு, பாதி வாக்கியத்தில் கணக்கா மாறிப்போகிறது?

மொழிப் பழக்கம் சிந்தனையைத் தொடவே தொடாது என்று சொல்லவரவில்லை. வழி சொல்லும் பயிற்சியில் பூதப்பாண்டிப் பக்கத்து அக்கா ஒருவர், பஸ் ஸ்டாண்டிலிருந்து நாகராஜா கோவிலுக்கு சவுத், ஈஸ்ட் என்று சரியான இங்கிலீஷில் சொன்னார். சார் விடவில்லை, ‘லெஃப்ட், ரைட்’ என்று சொல்லவைத்தார், அக்கா குழம்பிவிட்டார், உடனே ‘பாருங்க, தமிழில் யோசிக்கிறீங்க’ என்று ஒரு குட்டு வேறு. நம் ஊர்ப் பக்கம் பஸ்ஸில்கூட ‘கொஞ்சம் கிழக்கோட்டு நீங்கி இருங்க’ என்பார்கள். எரிக் பெடர்சன் என்ற மொழியியலாளர் 1990களில் தமிழர்களிடமே இதை ஆராய்ந்திருக்கிறார். மேஜைமேல் பொருட்களை வரிசையாகக் காட்டிவிட்டு, ஆளை எதிர்ப்பக்கம் திருப்பி, அதேபோல் அடுக்கச் சொல்வது இந்த வகைச் சோதனை. திசை சொல்லிப் பழகிய கிராமத்துக்காரர்கள் பெரும்பாலும் திசை மாறாமல் அடுக்கினார்கள், இடம் வலம் சொல்லிப் பழகிய நகரத்துக்காரர்கள் இடம் வலம் பார்த்து அடுக்கினார்கள். இரண்டு கூட்டமும் பேசியது தமிழ்தான்! அப்படியானால் அந்த அக்கா எந்த மொழியில் யோசித்தார் என்று சார்தான் சொல்லவேண்டும். என்னைக் கேட்டால், வடக்கு தெற்கு தெரிந்து நிற்கிற தலையை லெஃப்டுக்கு மாற்றச் சொல்வது நஷ்டம்.

இன்டர்வியூவில் வாய் திறக்கப் பயப்படுகிறவர்கள் தாராளமாகச் சேரலாம், பயம் போகும். ஐஈஎல்டிஎஸ் எழுதப் போகிறவர்களுக்கு இது போதாது, எழுத்துப் பயிற்சி பேருக்குத்தான் இருக்கிறது. காலை பேட்ச் கேளுங்கள், மாலையில் ரோட்டுச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. கட்டணத்தை மொத்தமாகக் கேட்பார்கள், அடித்துப் பேசினால் இரண்டு தவணைக்கு ஒத்துக்கொள்வார்கள். சில்லறையும் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள், உண்டியல் இன்னும் அங்கேதான் இருக்கிறது.