மணல் மேசையோடு மூன்று வருடம்

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் வாசகசாலையில் மணல் மேசை வைத்து மூன்று வருடம் ஆகிறது. மரப்பெட்டியில் நாலு அங்குல ஆழத்துக்கு மணல். தலைக்கு மேலே ஆழம் அளக்கும் கினெக்ட் கேமரா, பக்கத்திலேயே புரொஜெக்டர். மணலைக் குவித்தால் அதன்மேல் மலையின் நிறமும், ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகளும் உடனே விழும். குழி பறித்தால் நீலம். உள்ளங்கையை விரித்து மேலே பிடித்தால் மழை பெய்து, தண்ணீர் பள்ளம் பார்த்து ஓடும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஆலிவர் கிரைலோஸ் எழுதிய மென்பொருள் இது, இலவசம். லினக்ஸ் கணினியும் நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் வேண்டும்.

தொந்தரவுகளை முதலில் சொல்லிவிடுகிறேன். எம்-சாண்டில்தான் ஆரம்பித்தோம், அதன் சாம்பல் நிறத்தில் பச்சையும் நீலமும் மங்கிப்போயின. மீன் தொட்டிக்குப் போடும் வெள்ளை மணலுக்கு மாறியதும் சரியானது. லேசான ஈரம் இல்லாவிட்டால் மலை சரிந்துவிடும், தினமும் தண்ணீர் தெளிக்கிறோம். எங்களுடைய பழைய கினெக்ட் அகச்சிவப்புப் புள்ளிகளை வீசி ஆழம் அளப்பது. மேற்கு ஜன்னலில் வெயில் இறங்கினால் தடுமாறும், கனமான திரை போட்டோம். யாராவது பெட்டியில் இடித்துவிட்டால் கோடுகள் விரல் அகலம் தள்ளி விழும்; திரும்பப் பொருத்த அரை மணி நேரம். கினெக்ட் தயாரிப்பு 2017லேயே நின்றுவிட்டது. அதனால் கோயமுத்தூரில் பழையது ஒன்றை வாங்கி பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஆனால் போன தை மாதம் நடந்ததைப் பார்த்தபின் இந்த மேசையை விட மனசு வராது. ஆறாவது படிக்கும் பிள்ளை ஒருத்தி பவானிசாகர் அணை கட்டி, அங்கிருந்து வயலுக்கு நேராக வாய்க்கால் வெட்டினாள். தண்ணீர் மொத்தமும் பள்ளத்தில் போய் விழுந்தது, மேட்டு வயல் காய்ந்தே கிடந்தது. பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவளுடைய அப்புச்சி (அம்மாவின் அப்பா) எழுந்து வந்தார். "நேரா எறக்காத கண்ணு. மேட்ட ஒட்டியே கொண்டு போ." அவள் ஒரு சமஉயரக் கோட்டைப் பிடித்து, துளி இறக்கம் கொடுத்து, விரலால் கீறிக்கொண்டே போனாள். தண்ணீர் மெதுவாக மலையைச் சுற்றிக்கொண்டு கடைமடை வரை வந்தது. "நம்ம தோட்டத்துக்கு மேக்கால வாய்க்கா வளையுதல்ல, அது இதுதான்" என்றார். சுமார் 200 கிலோமீட்டர் ஓடும் கீழ்பவானி வாய்க்கால் ஏன் அப்படி வளைகிறது என்பதை நான் வரைபடம் காட்டி எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஒருத்தருக்கும் இப்படிப் பிடிபட்டதில்லை.

அப்புறம் அவரே கேட்டார்: "ஏனுங் தம்பி, கசிவுத் தண்ணி எங்கீங்?"

நியாயமான கேள்வி. இந்த மென்பொருளில் தண்ணீரை வற்ற வைக்கலாமே தவிர, அது மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றில் ஊறுவதைக் காட்ட வழியில்லை. வாய்க்கால் கசிவை நம்பிக் கிணறு வைத்திருப்பவர்கள் ஊருக்கு, இது பெரிய குறை. இப்போது மேசை ஓரத்தில் கண்ணாடித் தொட்டி ஒன்றில் மணல் நிரப்பி, நடுவில் ஓட்டை போட்ட குழாயைக் கிணறாக நிறுத்தியிருக்கிறேன். மேசையில் மழை பெய்வித்த பிள்ளைகள், அடுத்து அங்கே போய்ச் சொம்பால் தண்ணீர் ஊற்றுகிறார்கள்.