பாண்டி தாவரவியல் பூங்கா: பல வருஷமாகப் போய்வந்த அனுபவம்

பாண்டிச்சேரிக்கு வருகிறவர்கள் கடற்கரைச் சாலை, ஆசிரமம், மணக்குள விநாயகர் கோயில், சண்டே மார்க்கெட் என்று சுற்றிவிட்டுப் பஸ் ஏறிவிடுகிறார்கள். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிற தாவரவியல் பூங்கா பலருக்கு ஞாபகத்துக்கே வருவதில்லை. கடலூரிலிருந்து வேலையாகப் பாண்டி போனால் ஒரு மணி நேரமாவது அங்கே இருந்துவிட்டு வருவது எனக்குப் பல வருஷப் பழக்கம், கோடையிலும் பார்த்திருக்கிறேன், ஐப்பசி மழையிலும் பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

குழந்தைகள் ரயில், நீரூற்று என்று மட்டும் தேடிப் போகிறவர்கள் அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடுவார்கள். இந்த இடத்தின் சொத்து மரங்கள்தான். பிரெஞ்சுக்காரர்கள் 1826இல் ஆரம்பித்த தோட்டம், 22 ஏக்கர். செனகலில் வேலை பார்த்துவிட்டு வந்த பெரோட்டே என்ற தாவரவியலாளர்தான் பிற்பாடு வெளியூர், வெளிநாட்டுச் செடிகளையெல்லாம் கொண்டுவந்து இங்கே வளர்த்தவர். நீலகிரித் தாவரங்களையும் சேகரித்து ஆராய்ந்த அவர் 1870இல் பாண்டியிலேயே இறந்துபோனார்.

எனக்கு அங்கே நின்று பார்க்கப் பிடித்தது நாகலிங்க மரம். கோயில்களில் பார்த்துப் பார்த்து நம்மூர் மரம் என்றே நினைத்துவிடுகிறோம், ஆனால் இதன் பூர்வீகம் தென் அமெரிக்கா. பூ கிளை நுனியில் வராது, அடிமரத்திலிருந்து கொத்துக் கொத்தாகக் கிளம்பும். கீழே விழுந்த ஒரு பூவை எடுத்து உள்ளே பாருங்கள்: நடுவில் வளையமாக ஒரு மகரந்தக் கூட்டம், அதற்கு மேல் படம் எடுத்த மாதிரி வளைந்து கவிழ்ந்த இன்னொரு கூட்டம். இந்தப் பூவில் தேன் கிடையாது, வருகிற வண்டுக்கு மகரந்தம்தான் சாப்பாடு. மேலே கவிழ்ந்திருப்பது அதற்கு இரை, விதை பிடிக்க வைப்பது கீழே வளையத்தில் இருக்கிற மகரந்தம். வண்டு மேலே மேயும்போது கீழே இருப்பது அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போய்விடுகிறது. காலையில் போனால் வாசனை தூரத்திலேயே தெரியும். காய் இருக்கும்போது மட்டும் அடியில் உட்கார வேண்டாம், இரும்புக் குண்டு போலக் கனக்கும்.

2011 டிசம்பர் 30 தானே புயலைக் கடலூர்க்காரர்கள் யாரும் மறக்கமாட்டோம். பண்ருட்டிப் பக்கம் பலா, முந்திரி எல்லாம் வேரோடு போனது. அதே காற்றில் இந்தப் பூங்காவிலும் பெரிய மரங்கள் நிறைய விழுந்தன. புதிதாக நட்டவை வளர்கின்றன, சரி, ஆனால் நூறு வருஷத்து மரத்தின் நிழலை நம் காலத்தில் திரும்பப் பார்க்க முடியாது. மிச்சம் நிற்கிற கிழட்டு மரங்களைப் பார்த்தால் எனக்குக் கும்பிடத்தான் தோன்றும்.

அதனால்தான் பட்டையில் பெயரைக் கீறிவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் ஆத்திரம் வருகிறது. இலையில் தயாராகும் சாப்பாடு வேருக்கு இறங்குகிற பாதை பட்டைக்கு உடனே உள்ளேதான் இருக்கிறது. ஒரு சாவியால் ஆழமாகக் கீறினாலே அது அறுபடும், புண் வழியாகப் பூஞ்சையும் பூச்சியும் புகும். ஒருமுறை கல்லூரிப் பையன் ஒருவனிடம் இதைப் பொறுமையாகச் சொன்னேன், கேட்டுக்கொண்டு சாவியைப் பைக்குள் போட்டான்.

போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் வெயிலும் புழுக்கமும் ஆளை அசத்திவிடும். தண்ணீர் பாட்டிலும் கொசுவுக்கு ஏதாவது களிம்பும் எடுத்துக்கொள்ளுங்கள். மலர்க் கண்காட்சி நடக்கிற நாட்களில் பூச்செடி பார்க்கலாம், மரம் பார்க்க முடியாது, அவ்வளவு கூட்டம். பெருமழை பெய்தால் இரண்டு நாள் தள்ளிப் போங்கள்; 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலின்போது பாண்டியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் கொட்டியது, அந்த மாதிரி மழையில் ஊறிய மண்ணில் பெரிய கிளைகள் எப்போது விழும் என்று சொல்ல முடியாது. வயதானவர்களைத் தாராளமாக அழைத்துப் போகலாம், ஏற்ற இறக்கம் இல்லாத தரை.