ஒரே பெயரில் பல ஷூக்கள்: ஏர் ஜோர்டன் 3 அணிந்துவந்த அனுபவம்

கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டனின் பெயரில் நைக்கி வெளியிட்ட ஷூ வரிசையில் மூன்றாவதான ஏர் ஜோர்டன் 3 வாங்க விரும்புகிறவர்கள் முதலில் கேட்பது எந்த நிறத்தை வாங்கலாம் என்பதைத்தான். வெவ்வேறு ஆண்டுகளில் வெளிவந்த நான்கு ஜோடிகளை நெடுங்காலமாக மாற்றி மாற்றி அணிந்துவருகிற நான், நிறத்துக்கு முன்னால் ஆண்டைப் பாருங்கள் என்றே சொல்வேன். ‘ஒயிட் சிமெண்ட்’ என்ற பெயரில் 2011இல் வந்ததையும் 2023இல் வந்ததையும் அருகருகே வைத்துப் பார்த்தால், குதிகாலில் உள்ள சின்னம், சாம்பல் நிறக் கோடுகளின் தடிமன், முன்பக்கத்தின் உயரம், மிட்சோலின் (பாதத்துக்கும் அடிப்பாகத்துக்கும் இடையிலுள்ள மெத்தை அடுக்கு) நிறம் என அனைத்தும் வேறுபடுகின்றன. பெயர் ஒன்றாக இருப்பதால் ஷூவும் ஒன்றுதான் என்று எண்ணிவிடக் கூடாது.

இந்த ஷூ 1988இல் அமெரிக்காவில் 100 டாலர் விலையில் வெளிவந்தது. முதல் ஜோர்டன் ஷூவை வடிவமைத்த பீட்டர் மூர் அதற்குள் நைக்கியை விட்டு விலகியிருந்தார். மைக்கேல் ஜோர்டனும் நைக்கியை விட்டு விலகக்கூடும் என்ற நிலையில்தான், கட்டடக்கலை பயின்ற டிங்கர் ஹாட்ஃபீல்டிடம் இந்தப் பொறுப்பு வந்தது. கணுக்காலைப் பாதி மட்டும் மறைக்கும் உயரம், புதிதாக வாங்கியபோதே பழகியதுபோல் வளைந்துகொடுக்கும் மென்மையான தோல், குதிகாலில் வெளியே தெரியும் காற்றுப் பை, நாக்குப் பகுதியில் பாயும் மனிதனின் சின்னம் ஆகியவை ஜோர்டன் வரிசையில் இதில்தான் முதன்முதலாக இடம்பெற்றன. பக்கவாட்டில் நைக்கியின் வழக்கமான வளைகோடு கிடையாது. அந்த வெற்றிடத்தை, முன்பக்கத்தையும் குதிகாலையும் சுற்றிவரும், யானைத்தோலைப் போன்ற சாம்பல் கோட்டு வடிவம் ஈடுசெய்கிறது.

அன்று வந்த நிறக்கலவைகள் நான்கு: ஒயிட் சிமெண்ட், பிளாக் சிமெண்ட், ஃபயர் ரெட், ட்ரூ ப்ளூ. 1988 பிப்ரவரியில் சிகாகோ ஸ்டேடியத்தில் நடந்த டங்க் (பாய்ந்து சென்று பந்தைக் கூடைக்குள் திணிக்கும்) போட்டியில், ஃப்ரீ த்ரோ கோட்டிலிருந்து பாய்ந்தபோது ஜோர்டன் அணிந்திருந்தது ஒயிட் சிமெண்ட். மறுநாள் ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் 40 புள்ளிகள் எடுத்துச் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானபோது அவர் காலில் இருந்தது பிளாக் சிமெண்ட். மற்ற இரண்டுக்கும் இத்தகைய வரலாறு இல்லை. ஜோர்டன் ஆடிய சிகாகோ புல்ஸ் அணியின் நிறங்களில் ட்ரூ ப்ளூவின் நீலமே கிடையாது. சிமெண்ட் நிறங்கள் இரண்டும் திரும்பத் திரும்ப வெளிவருவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். 1994, 2011 ஆகிய ஆண்டுகளில் இவை இரண்டும் மறுவெளியீடு கண்டன. அதன் பிறகு ஒயிட் சிமெண்ட் 2013இலும் 2023இலும், பிளாக் சிமெண்ட் 2018இலும் 2024இலும் வந்தன. ஃபயர் ரெட் 1994 வரிசையில் இடம்பெறவே இல்லை.

சேகரிப்பவர்கள் அதிகம் வாதிடுவது குதிகாலைப் பற்றித்தான். 1988 ஜோடிகளின் குதிகாலில் ‘நைக்கி ஏர்’ என்ற எழுத்து இருந்தது. 1997இல் ஜோர்டன் தனிப் பிராண்டாகப் பிரிந்த பின், பல மறுவெளியீடுகளில் அந்த இடத்தைப் பாயும் மனிதன் பிடித்துக்கொண்டான். 2011 ஜோடிகளும் அப்படியே வந்தன. பழைய எழுத்து ஒயிட் சிமெண்டில் 2013இலும், ட்ரூ ப்ளூவில் 2016இலும், பிளாக் சிமெண்டில் 2018இலும், ஃபயர் ரெட்டில் 2022இலும் திரும்பியது. அணிகிறவருக்கு இதனால் எந்த வசதிக் குறைவும் இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் என்னுடைய 2011 ஜோடியின் பின்புறத்தைப் பார்க்கும்போதெல்லாம் வடிவமைப்பில் ஏதோ முடியாமல் நிற்பதுபோலத் தோன்றுகிறது. ‘நைக்கி ஏர்’ எழுத்தும் நைக்கியின் வளைகோடும் சேர்ந்த பழைய அமைப்பு குதிகாலின் அகலத்தை நிறைத்து நின்றது. பாயும் மனிதன் அப்படி நிறைக்கவில்லை.

நீண்டநாள் அணிகிறவர் உண்மையில் கவலைப்பட வேண்டியது மிட்சோலைப் பற்றி. இது பாலியூரித்தேனால் ஆனது. காற்றிலுள்ள ஈரம் அதன் வேதிப் பிணைப்புகளை மெல்ல மெல்ல உடைத்துக்கொண்டே இருக்கும் என்பதால், அணியாமல் பெட்டியில் பூட்டி வைத்தாலும் சிதைவு நிற்பதில்லை. பத்து, பதினைந்து ஆண்டுகள் கடந்த ஜோடியை ஒருநாள் எடுத்து அணிந்தால், சில அடிகளிலேயே மிட்சோல் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடக்கூடும். 1988 ஜோடிகளை இன்று யாரும் நம்பி அணிய முடியாது. மேல்பகுதியின் தோல் நன்றாக இருந்தால், புதிய மறுவெளியீடு ஒன்றின் அடிப்பாகத்தைப் பிரித்தெடுத்து அதில் பொருத்துகிறார்கள். ரப்பர் அடிப்பாகம் கொண்ட முதல் ஜோர்டனுக்கு இந்தச் சங்கடம் இல்லை. ஆகவே பழைய ஜோடியைக் கைமாற்றில் வாங்குகிறவர்கள், உள்ளே தைத்திருக்கும் துணிச்சீட்டில் அச்சான தயாரிப்புத் தேதியைக் கட்டாயம் பார்க்க வேண்டும். என்னுடைய 2011 ஜோடியை எடுக்கும்போதெல்லாம் மிட்சோலின் ஓரங்களைக் கட்டைவிரலால் அழுத்தி, விரிசலோ பிசுபிசுப்போ இருக்கிறதா என்று சோதித்த பிறகே அணிகிறேன். அதை நீண்ட நடைக்கு எடுத்துச் செல்வதை நிறுத்திவிட்டேன்.

2023 ஒயிட் சிமெண்ட் இந்த முதுமையையே அலங்காரமாக்கிக்கொண்டு 210 டாலர் விலையில் வந்தது. மிட்சோலும் குதிகால் பட்டையும் பல ஆண்டுகள் அலமாரியில் கிடந்ததுபோல் மஞ்சளாகவே தரப்பட்டன. இதை நான் மனமார ஏற்கவில்லை. வெள்ளை மங்குவது அணிந்தவரின் காலமும் நடையும் சேர்ந்து உண்டாக்குவது. 2011 ஜோடியில் அது தானாக வந்தது, அதனால்தான் அதன் மீது எனக்குப் பற்று. ஆனால் வடிவத்தைப் பொறுத்தவரை 2023 ஜோடிக்கே முதலிடம் தருவேன். யானைத்தோல் பட்டை தாழ்வாக வெட்டப்பட்டிருக்கிறது, கோடுகள் மெலிந்திருக்கின்றன, முன்பக்கம் தட்டையாக இறங்குகிறது. 1988 படங்களில் காணும் வடிவத்துக்கு என்னிடம் உள்ளவற்றில் இதுவே மிக நெருக்கமானது.

அன்றாடப் பயன்பாட்டுக்கு என் தேர்வு 2018 பிளாக் சிமெண்ட். கறுப்புத் தோலில் சுருக்கமும் அழுக்கும் எளிதில் தெரிவதில்லை. சாம்பல் பட்டை முன்விரல் பகுதியைத் தாங்குவதால் வடிவம் குலையவில்லை. கயிற்றுத் துளைகளில் தெரியும் சிவப்பு இன்னும் மங்காமல் இருக்கிறது. 2022 ஃபயர் ரெட்டின் வெள்ளைத் தோல் அழகானது, ஆனால் விரல்கள் மடியும் இடத்தில் சுருக்கம் விரைவில் பதிந்துவிடும். அணிந்த பின் ஈரத்துணியால் துடைத்து, உள்ளே காகிதம் திணித்து வைத்தால் ஓரளவு தாங்கும். அளவைப் பொறுத்தவரை வழக்கமாக அணியும் எண்ணே போதும். பாதம் அகலமானவர்களுக்கு முதல் சில வாரங்கள் பக்கவாட்டில் இறுக்கம் இருக்கும், தோல் பழகிய பின் அது போய்விடும். கூடைப்பந்து ஆடுவதற்கு மட்டும் இதை வாங்க வேண்டாம். இன்றைய ஆட்டக் காலணிகளோடு ஒப்பிட்டால் இது கனமானது, குதிகாலின் காற்றுப் பையும் கெட்டியாகவே இருக்கிறது. நாள் முழுவதும் நின்று நடப்பதற்கு, கணுக்காலைச் சுற்றியுள்ள மெத்தைப் பகுதிக்காகவே இதை விரும்பி அணிகிறேன்.